கம்பைலரோடு ரன்டைமையும் கட்டி அனுப்பலாமா? பழைய விண்டோஸ் லேப் ஒன்றுக்கு ஒரு பதில்

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய லேபில் 11 கம்பியூட்டர்கள். பத்தில் விண்டோஸ் 7, மூலையில் கிடக்கும் ஒன்றில் இன்னமும் எக்ஸ்பி. இன்டர்நெட் கிடையாது. ஏ.எல் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வெளியே கொஞ்சம் சி மொழி சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்து, ஹட்டனில் ஒரு லேப்டாப்பில் ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரில் இருப்பதிலேயே புதியதை இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் பதினொன்றிலும் போட்டிருக்கிறார். ஒன்றே ஒன்றில் வேலை செய்தது. ஒன்பதில் "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்-எல்1-1-0.டிஎல்எல் இந்தக் கணினியில் இல்லை" என்று பெட்டி விழுந்தது. எக்ஸ்பி வேறு பாட்டுப் பாடியது: "இது முறையான வின்32 பயன்பாடு அல்ல."

அவர் கேட்பது இரண்டு. இல்லை என்று சொல்லும் அந்தக் கோப்பைக் கம்பைலரோடு சேர்த்தே போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? அப்படிப் போடலாம் என்றால், கம்பைலரைச் செய்தவர்களே ஏன் போடவில்லை?

டீச்சர், முதல் கேள்விக்குப் பதில்: போடலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் போட்டால் பாதிதான் சரியாகும். அதைவிட, உங்கள் லேபுக்கு அந்தக் கோப்பே தேவைப்படாத கம்பைலர் ஒன்று இருக்கிறது. நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏன் என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கம்பைலர் நம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். அது பாதி உண்மை. பிள்ளை எழுதும் பிரின்ட்எஃப் என்ற ஒரு வரிக்குள் இருக்கிற வேலையைக் கம்பைலர் எழுதித் தருவதில்லை. "இந்த வேலையை அந்த நூலகத்தில் கேள்" என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும். நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில் விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து நூலகத்தைத் தேடும். அந்த நூலகம்தான் சி ரன்டைம், டிஎல்எல் என்று முடியும் கோப்பாக இருப்பது. மெயின் என்ற செயற்கூறு தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் ஆயத்தங்கள், நினைவகம் கேட்டு வாங்குவது, கோப்பைத் திறப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரொட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டு போவார்கள், அங்கே கடை இருக்காது என்று தெரியும். புதிய ஜிசிசி, மலையில் கடை இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகிறது. விண்டோஸ் 10இல் கடை இருக்கிறது. 7இல் இல்லை.

மைக்ரோசாஃப்டின் பக்கத்தில் இந்த ரன்டைமின் கதை கொஞ்சம் குழப்பமானது. அவர்களுடைய கம்பைலரான விஷுவல் சி++இன் 4.2இலிருந்து 1998இல் வந்த 6 வரைக்கும் எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல் என்ற ஒரே கோப்பு. பிறகு அந்தக் கோப்பை விண்டோஸ் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. 2002இலிருந்து ஒவ்வொரு விஷுவல் சி++ பதிப்புக்கும் தனி ரன்டைம் வந்தது: எம்எஸ்விசிஆர்70, 71, 80, 90, 100, 110, 120. எந்தக் கம்பியூட்டரிலும் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் "விஷுவல் சி++ 2005, 2008, 2010" என்று ஒரு நீண்ட வால் தெரியுமே, அது இதனால்தான். நம் ஆட்கள் இடம் பிடிக்கிறது என்று அவற்றை அழித்துவிட்டு, பிறகு சாமான் வேலை செய்யவில்லை என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: அழிக்காதீர்கள்.

2015இல் இந்த வரிசையை முடித்துவிட்டு, ரன்டைமை இரண்டாகப் பிரித்தார்கள். கம்பைலரோடு ஒட்டிய சின்னப் பகுதி விசிரன்டைம்140 ஆனது. பெரிய பகுதி யூசிஆர்டி என்ற பெயரில் விண்டோஸ் 10இன் உள்ளுறுப்பாகவே ஆகிவிட்டது. உங்கள் பெட்டியில் விழுந்த நீளமான பெயர் அந்த யூசிஆர்டிக்குப் போகும் வாசல்களில் ஒன்று.

இவ்வளவு காலமும் ஜிசிசியை விண்டோஸுக்குக் கொண்டுவந்த மிங்ஜிடபிள்யூ ஆட்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்துவந்தார்கள். எந்த விண்டோஸிலும் கட்டாயம் இருக்கும் அந்தப் பழைய எம்எஸ்விசிஆர்டியையே தங்கள் ரன்டைமாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் உங்களுக்கு முன்னால் இருந்த சேர் டெவ்-சி++ 5.11ஐப் போட்டபோது எந்தப் பிரச்சினையும் வரவில்லை. அது 2015இல் வந்தது, உள்ளே இருப்பது ஜிசிசி 4.9.2, கேட்பது எம்எஸ்விசிஆர்டி. ஆனால் 2024இல் வந்த மிங்ஜிடபிள்யூ-டபிள்யூ64இன் 12ஆம் பதிப்பு முதல், கட்டுகிறவர் வேறாகச் சொல்லாவிட்டால் யூசிஆர்டிதான் என்று மாற்றிவிட்டார்கள். நீங்கள் இறக்கியது அந்த வகை. உங்கள் கம்பியூட்டர்களில் கோளாறு எதுவும் இல்லை.

ஒன்றில் மட்டும் வேலை செய்ததே என்று கேட்பீர்கள். அந்தக் கம்பியூட்டரின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பாருங்கள். விஷுவல் சி++ 2015 அல்லது அதற்குப் பிந்திய ரன்டைம் பொதி ஒன்று இருக்க வேண்டும். பழைய விண்டோஸில் அந்தப் பொதியே யூசிஆர்டியையும் கொண்டுவந்து வைத்துவிடும். அல்லது கேபி2999226 என்ற விண்டோஸ் அப்டேட் ஏறியிருக்கும், விஸ்டா முதல் 8.1 வரைக்கும் யூசிஆர்டியைக் கொடுப்பதற்காகவே அது வந்தது. யாரோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு கேமை ஏற்றியபோது கூடவே வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட ஒஃபிசுக்கு, கொழுந்து நிறுவைக் கணக்கைப் பதிந்து செக்ரோல் என்ற சம்பளப் பதிவோடு ஒப்பிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். கடைக் கம்பியூட்டரில் தேன் போல ஓடியது. சம்பள நாள் 10ஆம் திகதி, நான் 8ஆம் திகதி எடுத்துக்கொண்டு போனேன். ஒஃபிஸ் கம்பியூட்டரில் இதே பெட்டி. என் கடை மெஷினில் உலகத்து ரன்டைம் எல்லாம் ஏறிக் கிடந்தது, அதனால் இங்கே எதுவும் குறையவில்லை. கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க மெஷினுக்கு மட்டும்தான் கணக்குத் தெரியுமா தம்பி?" அதற்குப் பிறகு கடையின் பின்னறையில் ஒன்றுமே ஏற்றாத விண்டோஸ் 7 ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் அதில் ஓடினால்தான் வெளியே போகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அந்தக் கோப்புகளைக் கம்பைலரின் கோப்புறையில் போட்டால் என்ன நடக்கும் என்று படிப்படியாகப் பாருங்கள், ஏனென்றால் தடுக்கி விழுகிற இடம் இங்கேதான் இருக்கிறது.

ஜிசிசி.ஈஎக்ஸ்ஈ இருப்பது பின் என்ற கோப்புறையில். யூசிஆர்டி கோப்புகளை அதே பின்னில் போடுகிறீர்கள். விண்டோஸ் ஒரு நிரலுக்கு டிஎல்எல் தேடும்போது முதலில் அந்த நிரல் இருக்கும் கோப்புறையைப் பார்க்கும், பிறகு சிஸ்டம்32, பிறகு விண்டோஸ் கோப்புறை, பிறகு நாம் நிற்கும் கோப்புறை, கடைசியாகப் பாத் என்ற பட்டியலில் எழுதியிருக்கும் கோப்புறைகள். ஜிசிசி எழும்பிவிடும். பதிப்பு எண் கேட்டால் சொல்லும். அப்பாடா என்று ஒரு நிரலைத் தொகுக்கப் போவீர்கள், மறுபடியும் பெட்டி விழும். சில வேளைகளில் பெட்டிகூட விழாது, ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றுவிடும், ஈஎக்ஸ்ஈ பிறந்திருக்காது.

காரணம், ஜிசிசி.ஈஎக்ஸ்ஈ உண்மையான கம்பைலர் அல்ல. அது கங்காணி மாதிரி. வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிற்கும். சி நிரலை உண்மையில் படித்து மாற்றுவது சிசி1.ஈஎக்ஸ்ஈ, அது இருப்பது லிப்எக்ஸெக் என்ற கோப்புறைக்குள், அதற்குள் ஜிசிசி, அதற்குள் இலக்கின் பெயர், அதற்குள் பதிப்பு எண் என்று நாலு படி கீழே. சிசி1க்கு "தன் கோப்புறை" என்றால் அது. பின்னில் நீங்கள் போட்டது அதன் கண்ணில் படாது. பின் கோப்புறை பாத் பட்டியலில் இருந்தால் மட்டும் கடைசியாக வந்து கண்டுபிடிக்கும்.

ஆகவே பாத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியூட்டரிலும் சிஸ்டம் செட்டிங்கில் போய்ச் சேர்ப்பதைவிட, கம்பைலர் கோப்புறையின் வாசலில், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட் கோப்பு வைத்து, அது பின்னைப் பாத்தின் முன்னால் சேர்த்துவிட்டுக் கறுப்புத் திரையைத் திறக்கும்படி செய்வது நல்லது. பல லேப்களில் கம்பியூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் ஏற்றியிருப்பார்கள். அப்படி இருந்தால் சி டிரைவில் எந்த அப்டேட்டைப் போட்டாலும் மறுநாள் காலையில் இருக்காது. டி டிரைவில் கோப்புறையாக வைத்துப் பேட் கோப்பால் திறப்பது அதையும் தாண்டி நிற்கும்.

சரி, இப்போது ஜிசிசி ஓடுகிறது, சிசி1 ஓடுகிறது, பிள்ளையின் நிரல் தொகுபட்டு ஏ.ஈஎக்ஸ்ஈ பிறந்துவிட்டது. அதே திரையில் ஓட்டினால் ஓடும், ஏனென்றால் பாத் அந்தத் திரைக்குத் தெரியும். பிள்ளை அதைச் சுட்டியால் இரட்டைச் சொடுக்குச் செய்தால்? பெட்டி. வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவின் கம்பியூட்டரில் காட்ட ஆசைப்பட்டால்? அங்கே விண்டோஸ் 10 இருந்தால் ஓடும், 7 இருந்தால் பெட்டி. பின்னில் போட்டது கம்பைலருக்கு மட்டும். அது பெற்றுப்போடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதே கோப்புகளைத் தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும்: ஸ்டேட்டிக் என்று ஒரு விருப்பம் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடாதா? மிங்ஜிடபிள்யூவில் அது தைப்பது ஜிசிசியின் சொந்த நூலகங்களை: லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++, லிப்வின்பித்ரெட். சி ரன்டைமை அது தைக்காது. யூசிஆர்டியை உள்ளே வைத்துத் தைக்கும் வசதி மைக்ரோசாஃப்டின் சொந்தக் கம்பைலரில் இருக்கிறது, எம்டி (MT) என்ற விருப்பம். மிங்ஜிடபிள்யூவில் இல்லை. ஸ்டேட்டிக் கொடுத்தும் அதே பெட்டி வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தைத்தது வேறு, கேட்பது வேறு.

அப்படியானால் யூசிஆர்டி கோப்புகளை எங்கிருந்து எடுப்பது? இதற்கு மட்டும் கவனம் தேவை. பெயரை இன்டர்நெட்டில் தேடி, டிஎல்எல் இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களில் எடுக்காதீர்கள். வைரஸ் ஒரு பக்கம், 32 பிட்டா 64 பிட்டா என்பதே தெரியாமல் தருவார்கள். இரண்டையும் கலந்தால் 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு இன்னொரு பெட்டி வரும். உங்கள் விண்டோஸ் 10 லேப்டாப்பின் சிஸ்டம்32இலிருந்து தூக்கிப் போடுவதும் சரிவராது, அது 10இன் உள் அமைப்பை நம்பிச் செய்யப்பட்டது. சரியான இடம் விண்டோஸ் 10 எஸ்டிகே, நிரல் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கருவித் தொகுப்பு. அதை ஒரு கம்பியூட்டரில் ஏற்றினால் ரீடிஸ்ட் என்ற கோப்புறைக்குள் யூசிஆர்டி, அதற்குள் டிஎல்எல்எஸ், அதற்குள் எக்ஸ்86, எக்ஸ்64 என்று தனித்தனியாக இருக்கும். யூசிஆர்டிபேஸ் என்ற பெரிய கோப்பு ஒன்றும், வாசல் கோப்புகள் கிட்டத்தட்ட நாற்பதும். வாசல் கோப்புகளில் சில பெயரில் சிஆர்டிக்குப் பதில் கோர் என்று இருக்கும், தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள், 7க்கு அவையும் வேண்டும். விண்டோஸ் 10இல் ஓடும்போது இந்தக் கட்டை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், சிஸ்டத்தில் இருப்பதே எடுபடும். அதனால் கூட வைத்திருப்பதில் நட்டமில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது. அந்தக் கோப்புகள் மைக்ரோசாஃப்டின் சொத்து. "உங்கள் பயன்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்" என்று எஸ்டிகே உரிமத்தில் அனுமதி தந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதும் நிரலோடு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூலநிரலோடு எல்லாவற்றையும் திறந்து கொடுப்பதே கொள்கையாக இருக்கும் ஒரு இலவசக் கம்பைலர், மூலநிரல் தன் கையில் இல்லாத அடுத்தவர் கோப்புகள் நாற்பதைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க யோசிக்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதற்காக மெனக்கெடுகிறவர்கள் குறைவு. கோ மொழி 1.21 பதிப்போடு 7ஐக் கைவிட்டது. ரஸ்ட் 1.78இல் விண்டோஸ் 10ஐ ஆகக் குறைந்த அளவாக்கியது. நீங்கள் ஏ.எல் வகுப்புக்குப் பைதன் போட்டபோதே இதைப் பார்த்திருப்பீர்கள், 3.8க்கு மேல் 7இல் ஏறாது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தோட்டப் பாடசாலை லேபுக்குப் புதுக் கம்பியூட்டர் வரும் வேகம் நமக்குத் தெரியும்.

கேபி2999226ஐயே பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாமே என்றால், போடலாம், சர்வீஸ் பேக் 1 ஏறியிருந்தால். ஏறாத 7இல் "இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடும். எக்ஸ்பிக்கு அந்த அப்டேட் வரவே இல்லை.

இனி நான் சொல்லும் வழி. எம்எஸ்விசிஆர்டியைக் கேட்கும் கம்பைலரை எடுங்கள். பழையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்றைக்கும் புதிய ஜிசிசியை எம்எஸ்விசிஆர்டியோடு கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வின்லிப்ஸ் என்ற தொகுப்பு இரண்டு வகையையும் தருகிறது, பெயரைப் பார்த்து எடுக்க வேண்டும். உங்களுக்கு நான் தெரிவு செய்வது டபிள்யூ64டெவ்கிட். ஒரே கோப்புறை, இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, விரித்துப் போட்டால் போதும். அதன் 64 பிட் பதிப்பு விண்டோஸ் 7இலும், 32 பிட் பதிப்பு எக்ஸ்பியிலும் ஓடும். 32 பிட் பதிப்பை எடுத்தால் உங்கள் பதினொன்றுக்கும் ஒரே பென் டிரைவ், மூலையில் இருப்பதும் வகுப்பில் சேர்ந்துவிடும். எக்ஸ்பி சொன்ன "முறையான வின்32 பயன்பாடு அல்ல" என்பது ரன்டைம் சண்டை அல்ல, 64 பிட் கம்பைலரை 32 பிட் விண்டோஸில் போட்டதால் வந்தது. (மைக்ரோசாஃப்டின் கம்பைலரில் 32 பிட்டாகத் தொகுத்தாலும் எக்ஸ்பியில் இதே வாசகம் வரலாம். 2012 பதிப்பு முதல் அது ஈஎக்ஸ்ஈயின் நெற்றியில் "6.0க்குக் கீழே வேண்டாம்" என்று எழுதிவிடும், எக்ஸ்பி 5.1. அதற்குத் தனி டூல்செட் எடுக்க வேண்டும்.)

இதில் பிள்ளைகள் தொகுக்கும்போது ஸ்டேட்டிக் விருப்பத்தையும் சேர்த்துவிட்டால், பிறக்கும் ஈஎக்ஸ்ஈ விண்டோஸில் கட்டாயம் இருக்கும் கோப்புகளைத் தவிர வேறொன்றும் கேட்காது. ஒரே கோப்பு, பென் டிரைவில் போட்டு யார் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். நம்பிக்கை இல்லாவிட்டால் கம்பைலரோடு வரும் ஆப்ஜ்டம்ப்பை எடுத்து, மைனஸ் பி கொடுத்து அந்த ஈஎக்ஸ்ஈயைக் காட்டுங்கள். நீளமாகக் கொட்டும். அதில் "டிஎல்எல் நேம்" என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். கெர்னல்32, எம்எஸ்விசிஆர்டி என்று இரண்டு வரி இருந்தால் முடிந்தது. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று ஒரு வரி கண்ணில் பட்டாலும் அது யூசிஆர்டிப் பிள்ளை. கம்பைலரையே பென் டிரைவில் போடும் முன்னால் ஜிசிசியையும் சிசி1ஐயும் இதே மாதிரிப் பார்த்துவிடலாம், மஸ்கெலியா பஸ் ஏறி இறங்கும் செலவு மிச்சம்.

சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்த பிள்ளைகள் இருந்தால் ஒரு வகுப்பு இதற்கே ஒதுக்கலாம். ஃப்ரீ பாஸ்கலில் ஒரு ரைட்லைன் நிரலைத் தொகுத்து ஆப்ஜ்டம்ப்பில் காட்டுங்கள், சி ரன்டைம் வரியே இருக்காது. அது தன் ரன்டைமைத் தானே எழுதி ஈஎக்ஸ்ஈக்குள் வைத்துவிடும். பாஸ்கல் காலத்தில் யாரும் இப்படி ஒரு பெட்டியைப் பார்க்காததன் இரகசியம் அதுதான்.

எம்எஸ்விசிஆர்டி வழியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அது பழைய வீடு. லாங் டபிள் என்ற பெரிய தசம எண்ணைப் பிரின்ட்எஃப்பில் அச்சிடச் சொன்னால் சம்பந்தமே இல்லாத எண் வரலாம். ஜிசிசி அதை 80 பிட்டாக வைத்திருக்கிறது, மைக்ரோசாஃப்ட் 64 பிட்டாக நினைக்கிறது. மிங்ஜிடபிள்யூவின் சொந்தப் பிரின்ட்எஃப்பை எடுக்கச் சொல்லும் மேக்ரோ ஒன்று, யூஸ்_மிங்ஜிடபிள்யூ_ஆன்சி_எஸ்டிடிஐஓ, இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு, நிரலின் முதல் வரியில் வரையறுத்தால் சரி. பழைய டெவ்-சி++ஐயே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: அதன் 4.9.2, ஃபோர் அடைப்புக்குள்ளேயே இன்ட் ஐ என்று அறிவித்தால் ஏற்காது, சி99 என்று தனியாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே அடித்தேன் டீச்சர் என்று பிள்ளை வந்து நிற்கும்.

பெரிய குறை தமிழில்தான். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் என்ற பழைய எழுத்து அட்டவணை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறை எம்எஸ்விசிஆர்டிக்குத் தெரியாது. ஒரு பிள்ளை எஃப்ஓபன் கொடுத்து "கொழுந்து.டிஎக்ஸ்டி" என்று கோப்பை உண்டாக்கினால், கோப்பு உண்டாகும், ஆனால் எக்ஸ்புளோரரில் அதன் பெயர் தலையில் கோடும் தொப்பியும் போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். திருப்பிக் கோப்புறையைப் பட்டியல் போடச் சொன்னால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். இதற்கு மருந்து டபிள்யூ-எஃப்ஓபன் என்ற அகல எழுத்துச் செயற்கூறு. அது எக்ஸ்பியிலும் தமிழ்ப் பெயரை ஒழுங்காக எழுதும். கறுப்புத் திரையில் தமிழைக் காட்டுவதை மறந்துவிடுங்கள், கொம்பும் காலும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும், அதில் ரன்டைம் செய்ய ஒன்றும் இல்லை.

யூசிஆர்டியைக் கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தால் அது இதுதான். எஸ்டிகேயின் 17134 பதிப்பிலிருந்து, அதாவது விண்டோஸ் 10இன் 1803 காலத்திலிருந்து, வரும் யூசிஆர்டிக்கு யூடிஎஃப்-8 தெரியும். செட்லொகேல் கொடுத்து யூடிஎஃப்8 என்று சொல்லிவிட்டால் சாதாரண எஃப்ஓபனே தமிழ்ப் பெயரைப் புரிந்துகொள்ளும். இந்த வசதி விண்டோஸ் 7இல் வேண்டுமானால், அந்தப் புதிய யூசிஆர்டியை நிரலோடு கட்டிக் கொடுக்க வேண்டும் அல்லது மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் உள்ளே தைக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கேபி2999226 கொண்டுவருவது அதற்கு முந்தியது. என் கொழுந்துக் கணக்கு நிரலை இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன். டிவிஷன் பெயர்கள் தமிழில், அந்தப் பெயரிலேயே கோப்பு, பக்கத்தில் நாற்பது டிஎல்எல். கிளாக்கர் ஐயாவுக்கு அந்த நாற்பது தெரியக்கூடாது என்று ஒரு உள்கோப்புறையில் நிரலையும் டிஎல்எல்களையும் சேர்த்து வைத்து, வெளியே ஒரு குறுக்குவழி மட்டும் வைத்திருக்கிறேன்.

இரண்டு வகையையும் கலக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரன்டைமில் கேட்டு வாங்கிய நினைவகத்தை இன்னொரு ரன்டைமிடம் திருப்பிக் கொடுத்தால் நிரல் விழும், அதுவும் உடனே விழாது, எங்கோ சம்பந்தமில்லாத வரியில் போய் விழும். திறந்த கோப்பின் சுட்டியும் அப்படியே. பழைய கிராஃபிக்ஸ் நூலகம் ஒன்றை எங்கிருந்தாவது எடுத்துப் புதிய கம்பைலரோடு இணைக்கப் பார்த்தால், ஐஓபி என்று ஏதோ காணவில்லை என இணைக்கும்போதே அழும். அது நல்லது, அங்கேயே நிறுத்திவிடலாம். இணைந்துவிட்டால்தான் ஆபத்து.

ரன்டைம் சரியாக இருந்தும் "கெர்னல்32இல் இந்த நுழைவாயில் இல்லை" என்று வேறு ஒரு பெட்டி வந்தால் அது தனிக் கதை. யாரோ எழுதிய நூலகம் ஒன்று கெட்சிஸ்டம்டைம்ப்ரிசைஸ்ஏஸ்ஃபைல்டைம் மாதிரி விண்டோஸ் 8இல் பிறந்த ஒரு செயற்கூறை நேரடியாகக் கேட்கிறது என்று அர்த்தம். அதற்கு எந்த டிஎல்எல்லையும் கட்டிக் கொடுத்துப் பயனில்லை, அந்த நூலகத்தின் பழைய பதிப்பைத் தேடுவதுதான். பிள்ளைகளின் சி வகுப்பில் இது வராது.

லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று யாராவது சொல்வார்கள். அங்கேயும் ரன்டைம் உண்டு, பெயர் ஜிலிப்சி. 2021இல் வந்த அதன் 2.34 பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ வழமைபோலத் தொகுத்த நிரலைப் பழைய லினக்ஸில் போட்டால் "ஜிலிப்சி_2.34 காணவில்லை" என்று நிற்கும். அங்கே வழக்கம், இருப்பதிலேயே பழைய கம்பியூட்டரில் உட்கார்ந்து தொகுப்பது. உங்கள் லேபில் அது மூலையில் இருப்பது.

இன்னொன்று டீச்சர், பென் டிரைவில் விரித்த கோப்புறையை வைத்துக் கொண்டுபோகாமல், சுருக்கிய ஒரே கோப்பாகவே கொண்டுபோய் ஒவ்வொரு கம்பியூட்டரிலும் விரியுங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பழைய யூஎஸ்பியில் பிரதி செய்தால் ஒன்றுக்கே ஒரு பாடவேளை போய்விடும், நடுவில் கரண்ட் போனால் எது வந்தது எது வரவில்லை என்றும் தெரியாது. விரிக்கும் இடத்தின் பெயரில் தமிழும் இடைவெளியும் வேண்டாம், டி டிரைவில் நேராகச் சின்ன ஆங்கிலப் பெயரில் வையுங்கள். முதலில் எக்ஸ்பியில் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் மற்ற பத்தையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.